புது ஹைலக்ஸ் வரும்வரை பொறுப்பதா?

தம்பி ஒருவர் அனுப்பிய கேள்வி நீளமானது. சுருக்கித் தருகிறேன். வீடு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், ஒரு ஒழுங்கைக்குள். பூநகரிப் பக்கம் வயலும் ஒரு மாட்டுப் பட்டியும் இருக்கின்றன. வாரத்தில் மூன்று நாளாவது சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் போய்வர வேண்டும். மாரியில் கடைசி இரண்டு கிலோமீற்றர் முழங்கால் சேறு. இவ்வளவு நாளும் ஒரு சின்ன வாகன்ஆர் காரை வைத்துச் சமாளித்தவர், இப்போது ஒரு டபுள் கப் (நாலு கதவுப் பிக்கப்) எடுக்கலாம் என்று தாய்லாந்திலிருந்து இறக்கிய இரண்டு டொயோட்டா ஹைலக்ஸ் ரெவோ பார்த்து வைத்திருக்கிறார். இரண்டும் 2.8 டீசல். ஒன்று 2023 தயாரிப்பு, மற்றது 2024. இரண்டாவதற்கு விலை கொஞ்சம் கூட. இதற்கிடையில் சிநேகிதர்கள், "புது ஹைலக்ஸ் வெளியில வந்திட்டுது, பழைய மொடலுக்கு ஏன் காசைக் கொட்டுறாய், பொறு" என்கிறார்கள். வீட்டில் சுசுக்கி ஜிம்னி போதும் என்கிறார்கள். லண்டனில் இருக்கும் மைத்துனர் லாண்ட் றோவர் டிஃபெண்டர் என்கிறார். காசு அவர் தருவதாகத் தெரியவில்லை.

தம்பி, நேரே சொல்கிறேன். பொறுக்க வேண்டாம், எடுங்கள். அதிலும் 2023ஐ எடுங்கள். கூடக் காசு கொடுத்து 2024ஐ எடுக்காதீர்கள். காரணத்தைச் சொல்லக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

முதலில் அந்தப் "புது" எவ்வளவு புது என்று பார்ப்போம். நீங்கள் பார்த்து வைத்திருக்கிற தலைமுறை 2015 மே மாதம் வந்தது. 2020இல் முகத்தை மாற்றினார்கள். அத்தோடு 2.8 எஞ்சினை 177 குதிரைவலுவிலிருந்து 204க்கும், இழுவையை 450 நியூட்டன் மீற்றரிலிருந்து 500க்கும் ஏற்றினார்கள். அடுத்த தலைமுறையை 2025 நவம்பரில் பாங்கொக்கில் வைத்துக் காட்டினார்கள். தாய்லாந்தில் அதற்கு ட்ராவோ என்று பெயர். முகம் புதிது. டாஷ்போட் புதிது, திரை பெரிது. ஹைட்ரோலிக் ஸ்டியரிங் போய் மின் ஸ்டியரிங் வந்திருக்கிறது. முன்னால் போகிற வாகனத்தைப் பார்த்துத் தானே பிரேக் பிடிக்கிற சங்கதிகள் கூடியிருக்கின்றன. பற்றறியில் ஓடுகிற ஹைலக்ஸ் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ஆனால் டீசல் வாகனத்தின் பொனற்றைத் தூக்கினால் அதே 2.8 எஞ்சின், அதே 204, அதே 500. கீழே படுத்துப் பார்த்தால் கொஞ்சம் பலப்படுத்திய அதே ஏணிச் சட்டம், அதாவது சேசிஸ். பழைய அத்திவாரத்தில் கட்டிய புது வீடு. நல்ல அத்திவாரம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பூநகரிச் சேற்றில் உங்களை இழுத்துக்கொண்டு வரப்போவது அத்திவாரம், திரை இழுக்காது.

பிறகு, "வெளியில வந்திட்டுது" என்பதற்கும் "யாழ்ப்பாணத்தில் நிற்குது" என்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று நாங்கள் பட்டுத் தெரிந்தவர்கள். 2019 கடைசியில் எனக்கும் உங்களுடைய யோசனைதான். ஜிம்னி புதிய உருவத்தில் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. முதல் வருடக் குறைகள் தீரட்டும், 2020 நடுப்பகுதியில் எடுப்போம் என்று கெட்டித்தனமாகப் பொறுத்தேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனத்துக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடமும், விற்கத் தயாராக வைத்திருந்த பழைய எல்என்106 ஹைலக்ஸிலேயே ஓடினேன். தொண்டு நிறுவனங்கள் வன்னியில் ஓடிவிட்டு விற்ற ரகம். முன்னுக்கும் பின்னுக்கும் இலை வில், மூன்றாம் கியரில் ஏறினால் பல் ஆடும். அதே காலத்தில் 2018இல் வாங்கியவர்கள், வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றுவிட்டுப் போனார்கள். என்னுடைய பொறுமைக்கு யாரும் வட்டி தரவில்லை.

இது அடிக்கடி நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். தடை திரும்ப வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் நாட்டில் வாகன விலையைத் தீர்மானிக்கிறது கம்பனி இல்லை, வர்த்தமானி. சுங்கத் தீர்வை, அதன்மேல் மேலதிகக் கட்டணம், எஞ்சினின் சிசியைப் பார்த்து உற்பத்தி வரி, குறிப்பிட்ட பெறுமதியைத் தாண்டினால் சொகுசு வரி, எல்லாவற்றுக்கும் மேலே 18 சதவீத வற் (பெறுமதி சேர் வரி). இதில் எந்தத் தட்டு எந்த இரவில் அசையும் என்று யாருக்கும் தெரியாது. ரூபாய் சரிந்தால் எல்லாத் தட்டும் ஒன்றாக அசையும். புது மொடல் தொழிற்சாலையிலேயே கொஞ்சம் விலை கூடி வந்தால், அந்தக் கொஞ்சம் ஒவ்வொரு தட்டிலும் பெருகி, கொழும்புத் துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது வேறு ஆளாக நிற்கும். டபுள் கப் சரக்கு வாகனத் தலைப்பில் வருவதால் ஜீப்பை விடத் தப்பிக்கொள்கிறது. வடக்கில் கல்யாண வீட்டுக்கும் டபுள் கப்பில் போகிறார்கள் என்றால் அதற்கு இது ஒரு காரணம்.

வேறு வாகனங்களுக்குக் காத்திருந்தவர்களின் கதையையும் கேளுங்கள். பழைய டிஃபெண்டரின் கடைசி வண்டி 2016 ஜனவரியில் சொலிஹல் தொழிற்சாலையை விட்டு இறங்கியது. அடுத்ததைக் காட்டியது 2019 செப்டெம்பரில். மூன்றரை வருடம் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது சட்டம் தனி, உடல் தனி என்ற பழைய முறையை விட்டுவிட்டு, கார் மாதிரி ஒரே கூடாகக் கட்டி, ஸ்லோவாக்கியாவில் செய்த வேறொரு வாகனம். அது கெட்ட வாகனம் என்று சொல்ல மாட்டேன். ஓட்டியிருக்கிறேன், மெத்தையில் போவது மாதிரிப் போகும். ஆனால் காத்திருந்தவர்கள் கேட்டது சுத்தியலும் ஸ்பானரும் கொண்டு திருத்தக்கூடிய ஒன்றை. மிற்சுபிஷி பஜேரோ கதை இன்னும் மோசம். எங்களுக்கு மொண்டேரோ என்று பழகிய அதே வாகனம், 2021இல் உற்பத்தியை நிறுத்தியபோது அந்த இடத்தில் வைக்க வாரிசே இருக்கவில்லை. மைத்துனருக்கு இந்தப் பந்தியை வாசித்துக் காட்டுங்கள்.

இனி 2023ஆ, 2024ஆ என்ற கேள்வி. இங்கேதான் நான் சிநேகிதர்களோடு சண்டைக்கு வருகிறேன்.

தாய்லாந்து 2024 ஜனவரியில் யூரோ 5 புகைக் கட்டுப்பாட்டுக்கு மாறியது. அதற்கு முன் அங்கே யூரோ 4. அங்கே ஓடுவதற்கென்று செய்த டீசல் பிக்கப்பில் இந்த மாற்றம் கொண்டுவந்த பெரிய சாமான் டிபிஎஃப், அதாவது புகைத் துகள் வடிகட்டி. சைலன்சர் குழாயின் முற்பகுதியில் ஒரு தடித்த தகரப் பேணி மாதிரி இருக்கும். உள்ளே தேன்கூடு போலச் சின்னச் சின்ன ஓட்டைகள். கரி அதில் படியும். படிந்ததை வாகனம் தானே எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு 600 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூடு வர வேண்டுமென்றால் வாகனம் நிற்காமல் ஒரு பதினைந்து இருபது நிமிடமாவது நல்ல வேகத்தில் ஓட வேண்டும். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கி, திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்கி, வீட்டுக்கு வந்து நிறுத்துகிற வாகனத்துக்கு அந்தச் சூடு ஒருநாளும் வராது. எரிக்கத் தொடங்கும், நீங்கள் திறப்பைத் திருப்பி நிறுத்திவிடுவீர்கள். மறுநாளும் தொடங்கும், மறுநாளும் நிறுத்துவீர்கள். பேணி நிரம்பும்.

போன வருடம் ஒரு டபுள் கப் எங்கள் கராஜுக்கு இப்படித்தான் வந்தது. எந்தக் கம்பனி என்று கேட்காதீர்கள். வைத்திருந்தவர் நல்லூர்க்காரர், நகரத்தை விட்டு வெளியே போகாத மனுசன். ஆஸ்பத்திரி வீதியில் சனநெரிசலில் நிற்கும்போது பின்னாலிருந்து வெள்ளைப் புகை. கொஞ்ச நஞ்சம் இல்லை, நுளம்புக்கு அடிக்கிற புகை மாதிரி வீதியை மூடியிருக்கிறது. பின்னால் வந்த ஓட்டோக்காரர் இறங்கி ஓடிவந்து கண்ணாடியில் தட்டி, "அண்ணை, வண்டி எரியுது, இறங்குங்கோ!" என்றிருக்கிறார். எரியவில்லை. எரிக்க முயன்று தோற்ற டீசல், புகையாக வெளியே வந்தது. நாங்கள் பேணியைக் கழற்றிப் பார்த்தபோது ஓட்டைகள் தெரியவில்லை, ஈரக் கரி பூசிய கறுப்புக் கல் மாதிரி இருந்தது. கழுவிப் போட்டோம், மூன்று மாதத்தில் திரும்ப வந்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஆனையிறவு தாண்டிப் பரந்தன் வரைக்கும் ஓடிப்போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறார். வைத்தியம் பலிக்கிறது. டீசல் செலவும் தேத்தண்ணிச் செலவும் அவருடையது.

இது எங்கள் ஊர் வீதிகளின் குறை மட்டும் இல்லை. அவுஸ்திரேலியாவில் 2015 ஒக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற டீசல் ஹைலக்ஸ், பிராடோ, ஃபோர்ச்சுனர் வாகனங்களின் டிபிஎஃப் குறைபாட்டுக்காக உரிமையாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2022இல் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம் டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2020க்குப் பிறகு அந்த அமைப்பைத் திருத்தியிருக்கிறார்கள். ஆனபடியால் 2024 வாகனம் அந்தப் பழைய வருத்தக்காரன் இல்லை. ஆனாலும் இரண்டாவது பிரச்சினை ஒன்று இருக்கிறது, அது எண்ணெயில். யூரோ 5 வாகனம் கேட்கிற டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. யூரோ 4 தரம் என்று எழுதி விற்கிற சுப்பர் டீசலில் 50 பங்கு வரைக்கும் இருக்கலாம். சாதாரண ஒட்டோ டீசலில் அதைவிடக் கூட. கந்தகம் கூடினால் வடிகட்டியும் அதற்கு முன்னால் இருக்கிற வினையூக்கியும் கெதியாகக் களைத்துப்போகும். பூநகரியில் சுப்பர் டீசல் முடிந்துவிட்டது என்று ஒட்டோ டீசல் அடிக்கிற நாள் உங்களுக்கு வராமல் இருக்காது.

உங்கள் ஓட்டத்தை நியாயமாகப் பார்க்க வேண்டும். நாவற்குழியால் திரும்பி, கேரதீவு, சங்குப்பிட்டி என்று போகிற வீதி நீண்டு திறந்து கிடக்கிறது. வாரம் மூன்று நாள் அதில் போகிற வாகனத்துக்கு வடிகட்டி தன்னைத் தானே எரித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். ஆகவே 2024 எடுத்தால் நாசம் என்று சொல்லவில்லை. ஆனால் மற்ற நாலு நாளும் வீட்டில் உள்ளவர்கள் அதைத்தான் பள்ளிக்கூடத்துக்கு எடுப்பார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தேவையில்லாத தலையிடிக்கு ஏன் கூடக் காசு? 2023இல் அந்தப் பேணி இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் விற்கிறவரின் வாயை நம்பாமல் படுத்துப் பாருங்கள். எஞ்சினிலிருந்து இறங்கும் புகைக்குழாயில் தடித்த பேணி இருந்து, அதிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் ஒரு சென்சருக்குப் போனால் அது டிபிஎஃப். டாஷ்போட்டில் பெட்டிக்குள் புள்ளி போட்ட படத்தோடு ஒரு சுவிச் இருந்தாலும் அதுதான். அதை வெட்டி எறிந்துவிட்டுக் கம்ப்யூட்டரை ஏமாற்றித் தருகிறோம் என்று சிலர் வருவார்கள். வேண்டாம். புகைப் பரிசோதனையில் இன்று தப்பினாலும், அடுத்த முறை வேறு பிழைக்குக் கம்ப்யூட்டரைப் பார்க்க வரும்போது எது உண்மை, எது ஏமாற்று என்று எந்த மெக்கானிக்குக்கும் விளங்காது.

இதையே ஜப்பானிலிருந்து வந்த ஹைலக்ஸிலும் டீசல் பிராடோவிலும் பார்க்கப் போனால் இன்னொரு தாங்கி கூட இருக்கும். அட்ப்ளூ என்கிற யூரியாத் தண்ணீர் அதற்குள் ஊற்ற வேண்டும். தீர்ந்தால் முதலில் எச்சரிக்கும், பிறகு ஸ்டாட் எடுக்க விடாது. கொழும்பில் வாங்கி இரண்டு கான் வீட்டில் வைத்திருக்கிறவர்கள் உண்டு. நான் அந்த வேலைக்குப் போக மாட்டேன்.

சரி, திருத்துகிற கைகளைப் பற்றி. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இந்த ஊர் ஒஸ்ரின் ஏ40க்களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டியது. ஸ்டாட் எடுக்க மட்டும் துளி பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். அப்படி ஓட முடிந்தது அந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டத் தெரிந்த ஆட்கள் ஒவ்வொரு சந்தியிலும் இருந்ததால். இன்றைக்கும் கணக்கு அதுதான். பத்து வருடமாக இந்த நாட்டில் ஓடுகிற ரெவோவின் பிரேக் பட்டையிலிருந்து இன்ஜெக்டர் வரைக்கும் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஒறிஜினலும் இருக்கிறது, பாவித்ததும் இருக்கிறது, போலியும் இருக்கிறது. இரவு பஸ்ஸில் போட்டால் காலையில் யாழ்ப்பாணத்தில். புது மொடலின் மின் ஸ்டியரிங் மோட்டார் பழுதானால், முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு அதற்கென்று ஆர்டர் கொடுத்து, வந்து சேரும்வரை வாகனத்தைத் தறப்பாள் போட்டு மூடி வைக்க வேண்டியதுதான். அது நல்ல மோட்டாராகவே இருக்கலாம். ஆனால் மாரி வெள்ளத்துக்குள் கொண்டுபோகிற வாகனத்தில் மின்சாரச் சாமான் ஒன்று குறைவாக இருப்பது எனக்கு நிம்மதி.

அடுத்தது ஒழுங்கை. இதை யாரும் கேட்பதில்லை, பிறகு மதிலைக் கேட்க வேண்டி வரும். ஹைலக்ஸ் 5.3 மீற்றருக்கு மேல் நீளம், 1.85 மீற்றர் அகலம். உங்கள் வாகன்ஆர் 3.4 மீற்றர் நீளம், 1.475 அகலம். அதாவது ஒவ்வொரு பக்கமும் பத்தொன்பது சென்ரிமீற்றர் போய்விட்டது, அதற்கு மேலே கண்ணாடிகள். நீளத்தில் இரண்டு மீற்றர். நான் ஒருவருக்கு இதைச் செய்து காட்டினேன். இரண்டு தடியைக் கண்ணாடிகளையும் சேர்த்த அகலத்துக்குக் கட்டி, வீதி முகப்பிலிருந்து அவருடைய படலை வரைக்கும் நடந்தோம். முருங்கை மரத்தடி வளைவில் தடி இரண்டு பக்கமும் முட்டியது. அவர் வாகனத்தை மாமியார் வீட்டு முற்றத்தில் விடுகிறார் இப்போது. இதே கணக்கைப் பிராடோவுக்குப் போட்டால், பழைய 150 வரிசை 1.885 மீற்றர் அகலம். 2023 ஓகஸ்டில் காட்டிய 250 வரிசை 1.98. புதியது வரும்வரை பொறுத்தவர் பத்துச் சென்ரிமீற்றர் மதிலை இடிக்கவும் ஆயத்தமாக வேண்டும். பயணிகள் வாகனத்தில் மூன்று வருடத்துக்கு மேல் பழசை இறக்க முடியாது என்பதால், 150 வேண்டுமென்றால் ஏற்கெனவே நாட்டுக்குள் நிற்பவற்றில் ஒன்றைத்தான் தேட வேண்டி வரும். பொறுத்தால் புதியது வரும் என்று மட்டும் கணக்குப் போடுகிறோம். பழையது கைவிட்டுப் போகும் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

வீட்டில் சொல்கிற ஜிம்னியை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். 1,462 சிசி பெற்றோல் எஞ்சின், 1.645 மீற்றர் அகலம், தரையிலிருந்து 210 மில்லிமீற்றர் உயரம், ஏணிச் சட்டம், முன்னும் பின்னும் கட்டி அச்சு, லோ கியர். சின்னப் பெட்டிக்குள் முழுசான ஜீப். சேற்றில் அதன் பாரமின்மையே அதற்குப் பலம். டபுள் கப் தாழ்கிற இடத்தில் இது மிதிக்காமல் போவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு வாரிசு வரும்வரை பொறுக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஆண்டுகளைப் பாருங்கள்: 1970, 1981, 1998, 2018. இது நாலாவது தலைமுறை. அடுத்ததற்குப் பொறுத்தால் உங்கள் மகன் ஓட்டுவான். ஐந்து கதவு ஜிம்னி 2023இல் இந்தியாவில் வந்தது. அதையே ஜப்பானில் நோமேட் என்ற பெயரில் 2025 ஜனவரி கடைசியில் அறிவித்து ஓடர் எடுக்கத் தொடங்க, நாலு நாளில் ஐம்பதினாயிரம் ஓடர் விழுந்து, எடுப்பதையே நிறுத்தினார்கள். ஆனால் தம்பி, மாட்டுத் தீவனம் நாலு மூட்டையும் பால் கானும் எங்கே வைப்பீர்கள்? மூன்று கதவு ஜிம்னியில் பின் ஆசனத்தை நிமிர்த்தினால் ஒரு பள்ளிக்கூடப் பைக்குத்தான் இடம். ஏ9இல் கொழும்புக்கு 400 கிலோமீற்றர் போனால், வவுனியா தாண்டும்போதே முதுகு பேசத் தொடங்கும். வயல் இல்லாதவராக இருந்தால் உங்களுக்கு நான் ஜிம்னியைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒன்றுக்காகப் பொறுக்கலாம் என்றால், 2025 ஒக்டோபரில் டொயோட்டா காட்டிய லாண்ட் குறூசர் எஃப்ஜே. ஹைலக்ஸ் குடும்பத்துச் சட்டத்தில், 2.7 பெற்றோல் எஞ்சினோடு, 4.6 மீற்றருக்குக் கொஞ்சம் குறைந்த நீளத்தில், தாய்லாந்தில் செய்கிறார்கள். அந்த எஞ்சின் எங்களுக்குப் பழக்கமானது, பிராடோவில் ஓடியது. டிபிஎஃப் தொல்லை இல்லை, அட்ப்ளூ தொல்லை இல்லை. ஆனால் 2.7 பெற்றோல் குடிக்கும் விதத்தை எந்தப் பிராடோக்காரரிடமும் கேளுங்கள், முகத்தைப் பார்த்தாலே தெரியும். அத்தோடு அது ஜீப் தலைப்பில் வரி கட்டுகிற வாகனம். பூநகரிக்கு வாரம் மூன்று முறை போகிறவருக்கு அது பொருந்தாது. ஓய்வெடுத்த மாஸ்டர் ஒருவருக்குப் பொருந்தலாம்.

ஓட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். எங்களிடம் மலை இல்லை. எங்கள் எதிரிகள் மணல், சேறு, உப்பு. மணற்காட்டிலும் சுண்டிக்குளத்துப் பக்கமும் டபுள் கப் புதைகிறதென்றால் பத்தில் எட்டு முறை ரயரில் காற்று கூடியதுதான் காரணம். 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் ரயர் தட்டையாகி ஒட்டகக் கால் மாதிரி மணலில் நடக்கும். தார் வீதிக்கு ஏறியவுடன் திரும்ப அடிக்க ஒரு சின்னக் கொம்பிரசர் பின்னால் கிடக்கட்டும். புது மொடலில் நிலத்துக்கேற்ற ஓட்டத் தெரிவு என்று ஒரு வட்டச் சுவிச் இருக்கிறதாம். காற்றை அது இறக்காது. சேற்றுக்கு, வாங்கியவுடன் கம்பனி ரயரைக் கழற்றி விற்றுவிட்டு, கரடுமுரடான நிலத்துக்கும் ஏற்ற ஓல்ரெறெயின் ரயர் போடுங்கள். மாரிக்கு முன் செய்கிற செலவுகளில் இதைவிடப் பெறுமதியானது எனக்குத் தெரியாது. அப்புறம், ஃபோர்வீலைப் போட்டுக்கொண்டு காய்ந்த தார் வீதியில் ஓடாதீர்கள். ஹைலக்ஸில் நடு டிஃபரன்ஷியல் இல்லை. முன்னும் பின்னும் ஒன்றாகச் சுற்றும். வளைவில் வாகனம் முறுகும், சாமான் உடையும். நல்ல மழையில் கட்டாயம் போட வேண்டிய இடம் வயல் வரம்பு, அவ்வளவுதான்.

உப்பைத்தான் பலர் மறக்கிறார்கள். பண்ணைப் பாலத்திலும் கல்லுண்டாய் வெளியிலும் சங்குப்பிட்டியிலும் காற்றே உப்பு. வாரத்துக்கு மூன்று தரம் அதைக் கடக்கிற வாகனத்தின் சட்டம் உள்ளேயிருந்து தின்னப்படும். கழுவுங்கள், ஆனால் எந்தத் தண்ணீரால் என்று பாருங்கள். தீவுப் பக்கத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரால் வாரம் தவறாமல் கழுவி, சட்டத்தை ஓட்டை விழ வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். மனுசன் சுத்தக்காரன் வேறு. உங்கள் கொக்குவில் கிணறு நல்ல தண்ணீர் என்றால் அதுவே போதும். அத்தோடு வருடத்துக்கு ஒருமுறை ஐப்பசி மழை தொடங்க முன் சட்டத்துக்குள் எண்ணெய் அடியுங்கள்.

2023ஐ எடுக்க முன் பார்க்க வேண்டியவை. தாய்லாந்து வாகனத்தில் முதல் சந்தேகம் வெள்ளம். ஆசனப் பட்டியைக் கடைசிவரை இழுங்கள். வெள்ளத்தில் நின்ற வாகனத்தைத் தேய்த்துக் கழுவிப் புதிதாக்குகிறவர்கள் பட்டியின் உள் நுனியை மறந்துவிடுவார்கள். அங்கே மண்கோடு நிற்கும். முன் ஆசனத்துக்குக் கீழே கம்பளத்தைத் தூக்கி, வயர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். சட்டத்தில் அடித்திருக்கிற எண்ணை உங்கள் விரலால் தடவுங்கள். சுற்றிலும் தகரம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், வெல்டிங் வரம்பு கைக்குத் தட்டக்கூடாது. அதே எண் வாகனப் புத்தகத்திலும் சுங்கப் பத்திரத்திலும் இருக்க வேண்டும். சட்ட எண்ணை மாற்றிப் பதிந்த ஜீப்புகளும் டபுள் கப்புகளும் இந்த நாட்டில் பிடிபட்டிருக்கின்றன. பிடிபட்டால் வாகனம் போகும், கொடுத்த காசும் போகும், நீங்கள் பொலிசுக்கு நடக்க வேண்டும். லீசிங் முடியாமல் விற்கிறார்களா என்பதைப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் தெரியும்.

எஞ்சினைக் குளிராக இருக்கும்போது பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் காலை சொல்லாமல் போங்கள். இன்ஜெக்டர் தட்டுகிற சத்தம் குளிரில்தான் கேட்கும். பிறகு ஒரு வெறுமையான இடத்தில் லோ கியரைப் போட்டு முன்னுக்கும் பின்னுக்கும் பத்து மீற்றர் ஓட்டுங்கள். நகரத்தில் ஓடிய பிக்கப்பில் அந்தக் கியர் வாங்கிய நாளிலிருந்து தொடப்படாமல் இறுகியிருக்கும். டாஷ்போட்டில் அந்தக் கியரின் விளக்கு மினுங்கிக்கொண்டே நின்று, கியர் பூட்டாமல் விட்டால், விலையில் குறைக்கச் சொல்லக் காரணம் கிடைத்துவிட்டது.

விற்கிறவர் ஒத்துக்கொண்டால் சனிக்கிழமை காலை கராஜுக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். குழியில் ஏற்றி ரோச் அடித்துப் பார்க்க அரை மணித்தியாலம் போதும். பழைய சேட்டு ஒன்று போட்டுக்கொண்டு வாருங்கள், நீங்களும் இறங்க வேண்டும். குழியில் ஏற்ற மாட்டேன் என்று அவர் சொன்னால், அந்த 2023ஐ விட்டுவிட்டு வேறொரு 2023ஐத் தேடுங்கள்.